சதியண்ணை உடைத்த தேங்காய்

கொழும்பு வெள்ளவத்தையில் சதியண்ணை சந்தேகப்படாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய சந்தின் கடைசியில், ஒற்றை அறையில் இருந்தார். குழாயில் தண்ணீர் நின்றால் வெளிநாட்டுச் சதி. கடை வடை சிறுத்தால் அதுவும் சதி. அவருடைய சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

சண்டைக் காலம். தேர்தலும் வந்தது. ஒரு வேட்பாளரின் பிரசாரத்துக்குப் பின்னால் வெளிநாட்டார் இருக்கிறார்களா என்று விசாரணை தொடங்கியதாகப் பேப்பரில் போட்டார்கள். ஒழுங்கையில் பாதிப்பேர் பொய் என்றார்கள். மீதிப்பேர் அந்த வெளிநாட்டார் நம்மை ஏன் கவனிக்கவில்லை என்று குறைப்பட்டார்கள். சதியண்ணை கோயில் வீதியில் ஒவ்வொருவராக மறித்து, "கனடாவிலையிருந்து போன் வந்ததோ?" என்று கேட்டார்.

எனக்கு வந்திருந்தது. அந்த வேட்பாளர் வெல்லப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும்படி கனடாவிலிருந்து என் தமையன் சொல்லியிருந்தார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக இங்கே நேர்த்தி செய்வது எங்கள் வழக்கம். ஒரு சாக்குத் தேங்காய் வாங்கி வைத்தேன்.

வீடு சோதிக்க வந்த பொலிஸார் சாக்கைப் பார்த்து யாருக்கு என்று கேட்டார்கள். சாமி அறை வாசலில் நின்று பொய் சொல்லலாமா? வேட்பாளர், கனடா, எல்லாம் சொன்னேன். என்னையும் சாக்கையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அப்படி ஏறியவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அந்த நாளில் யாரும் சொல்ல முடியாது. மனைவி அழவும் பயந்து நின்றாள்.

கூப்பிடாமல் எந்தத் தமிழனும் பொலிஸுக்குப் போகாத காலத்தில், சதியண்ணை திருநீறு பூசிக்கொண்டு உள்ளே வந்தார். இன்ஸ்பெக்டருக்குத் தன் சொந்தப் பெயரைச் சொன்னார். நானும் அன்றுதான் கேட்டேன். பிறகு சிங்களத்தில் விளக்கினார். லண்டன் மகள் சொன்னபடி, எதிர் வேட்பாளருக்காகத் தானும் ஒரு சாக்கு உடைத்துவிட்டாராம். ஆகவே வெளிநாட்டுத் தலையீடு இரண்டு பக்கமும் சமம், பிள்ளையார் நடுநிலை.

கடவுளுக்கு வாக்கு இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வாக்காளர் இடாப்பில் தேடிப் பார்த்ததாகவும், பெயர் இல்லை என்றும் சதியண்ணை சொன்னார்.

இருவரையும் விட்டார்கள். சாக்கு மட்டும் சான்றாக அங்கேயே நின்றது.

வழியில் மகள் சுகமா என்று விசாரித்தேன்.

"எனக்கு ஆர் தம்பி லண்டனிலை? கலியாணமே கட்டேல்லை. திரும்பிப் பாராதேயும், பின்னாலை ஆரோ வாறாங்கள்."

அடுத்த வெள்ளி, அர்ச்சனைக்கு வீட்டார் பெயர்களோடு அவர் பெயரையும் சொன்னேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியவில்லை, என்னுடையதையே கொடுத்தேன்.