வெங்காயம் குடித்த உருண்டைகள்

டப்பாவைத் திறந்ததும் வெங்காய வாடை வந்தது.

உள்ளே வெங்காயம் இல்லை. வெள்ளை வெளேரென்று சின்னச் சின்ன உருண்டைகள்தான் இருந்தன. ஆய்வகத்தில் எல்லோரும் சல்லடை என்று கூப்பிடும் அந்த ஆராய்ச்சி மாணவன், மூக்கை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்து மோந்தான். சந்தேகமே இல்லை. நறுக்கி வைத்த பச்சை வெங்காயம்.

பட்டப்பெயர் அவன் வேலையால் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைந்த உருண்டைகளைச் செய்து, அந்த ஓட்டைகளில் ஒரு மருந்து வாயுவை அடைத்து வைப்பான். ஈரம் பட்டால் வாயு வெளியே வரும். ஆறாத புண்ணின் மேல் வைத்துக் கட்டினால் ரத்தக்குழாய் விரியும், புண் ஆறும். ஒரே நிபந்தனை, வாயு மெல்ல மெல்ல வர வேண்டும். சல்லடையின் உருண்டைகளோ, தண்ணீரைக் கண்டதும் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி மொத்தத்தையும் ஒரே ஓட்டமாக வெளியே விட்டுவிடும். அளக்கும் கருவியின் திரையில் கோடு கோபுரமாக ஏறும், கிணறாக இறங்கும். வருடக்கணக்காக அதே கோபுரம், அதே கிணறு.

இந்தத் தடவை பக்குவத்தை மாற்றிப் புதிதாகச் செய்திருந்தான். இன்று ஒரு அறுவை மருத்துவர் நேரில் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் முனைவர் பட்டம். பிடிக்காவிட்டால், மாமனார் பேசி வைத்திருக்கும் டைல்ஸ் கடையில் கணக்குப்பிள்ளை வேலை. வாழ்நாள் பூராவும் ஓட்டையே இல்லாத பொருளோடு குடித்தனம்.

"அக்கா, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

பக்கத்து மேசை சீனியர் குனிந்தாள். "என்னடா, மத்தியானச் சாப்பாடா?"

"என் உருண்டை."

"உன் உருண்டை ஏன் இப்படி நாறுது?"

படித்தவனுக்கு விளக்கத்துக்குப் பஞ்சமா? "ஆய்வக ஃப்ரிட்ஜ் கெட்டுப்போச்சுன்னு நேத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்ல. எங்க மாமனார் அரை வெங்காயத்தைச் சாப்பிட்டுட்டு மீதி அரையை ஃப்ரிட்ஜ்ல அப்படியே திறந்து வைப்பாரு. நான் மூடியைச் சரியா அழுத்தல போல, காலைல பார்த்தா லேசாத் திறந்திருந்தது. ஓட்டைன்னா எல்லாத்தையும் இழுக்கும்க்கா. ராத்திரி பூரா உட்கார்ந்து வெங்காயத்தைக் குடிச்சிருக்கு."

"உங்க வீட்ல யாரும் அவரைக் கேட்க மாட்டாங்களா?"

"என் பொண்டாட்டி போன வாரம் சண்டையே போட்டா. 'நாத்தத்துக்கு ஏற்பாடு பண்ணியாச்சும்மா'ன்னாரு. ஏற்பாட்டோட லட்சணம் இதோ."

"உள்ள இருந்த மருந்து?"

"அது அடி ஆழத்துல பத்திரமா இருக்கும். வெங்காயம் மேலாப்புலதான்."

"நிஜமாவா?"

"அப்படித்தான் இருக்கணும். வேற உருண்டை கிடையாது."

சூடு காட்டினால் மருந்து போய்விடும். கழுவினாலும் போய்விடும். காற்றாட வைப்பது ஒன்றுதான் வழி என்று தட்டில் பரப்பி மின்விசிறியைச் சுழல விட்டான். கொஞ்ச நேரத்தில் டப்பாவுக்குள் இருந்த வாடை அறை முழுக்கக் குடியேறியது. உருண்டைகளில் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

சீனியர் கைப்பையிலிருந்து சென்ட்டை எடுத்துக் கொடுத்தாள். சல்லடை அறையின் நாலு மூலையிலும் அடித்தான். இப்போது வெங்காயத்துக்குக் கல்யாணம் என்கிற மாதிரி ஒரு வாசம் வந்தது.

பேராசிரியர் உள்ளே வந்து நின்றார். "என்னப்பா இது?"

"சிங்க் குழாய் சார். அடைச்சுக்கிச்சு போல."

பொய் சொல்லி முடிப்பதற்குள் அவர் குழாய்க்காரருக்குப் போன் போட்டுவிட்டார். வழக்கமாகக் கூப்பிட்டால் மாதக்கணக்கில் வராத மனிதர், அன்று பக்கத்துக் கட்டடத்தில்தான் இருந்தார். வந்ததும் சிங்குக்கு அடியில் படுத்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். அவருடைய கால்களைத் தாண்டித்தான் மருத்துவர் உள்ளே வந்தார்.

"வேலை நடக்குதா?"

"சும்மா, பராமரிப்பு" என்றார் பேராசிரியர்.

மருத்துவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பது போல மூடிக்கொண்டார். "தம்பி, நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். என் வார்டுல புண் ஆறாம காலை எடுக்க வேண்டிய நிலைமையில ஆளுங்க இருக்காங்க. வாயு ஒரே மூச்சுல வந்தா எனக்குப் பிரயோஜனம் இல்லை. காட்டுங்க."

சல்லடை கண்ணாடிக் கலத்தில் தண்ணீர் ஊற்றி, மேலே வாயு அளக்கும் கருவியைப் பொருத்தினான். கருவிக்கு வயதாகிவிட்டது. ஒருமுறை பக்கத்தில் யாரோ அவித்த முட்டையை உரித்தபோது, ஒரு வார்டுக்கே காணும் அளவு மருந்து வருவதாகக் காட்டியது. புதியது கேட்டபோது பேராசிரியர், "முட்டையை வெளியே போய் உரிங்க" என்றார்.

உருண்டைகள் தண்ணீரில் விழுந்தன. கோபுரத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் சல்லடை தரையைப் பார்த்தான்.

நிமிர்ந்தான்.

கோடு கொஞ்சம் ஏறியது. ஏறி, பாய் விரித்துப் படுத்தவன் மாதிரி நீட்டி நிமிர்ந்து அப்படியே போனது. மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காபி வந்தது, ஆறியது, ஏடு கட்டியது. கோடு படுத்தபடியே போய்க்கொண்டிருந்தது.

"இதைத்தான் நான் தேடிட்டிருந்தேன்" என்றார் மருத்துவர். "ஒண்ணே ஒண்ணு கேட்கணும். இந்த வாடை..."

"குழாய்" என்றார்கள் பேராசிரியரும் சல்லடையும் ஒன்றாக.

"குழாயில ஒண்ணுமே இல்ல சார்" என்று சிங்குக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "கண்ணாடி மாதிரி இருக்கு."

"இன்னும் உள்ள பாருப்பா" என்றார் பேராசிரியர்.

மருத்துவர் எழுந்து சல்லடையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதே பக்குவத்துல நூறு உருண்டை வேணும். அடுத்த கட்டச் சோதனைக்கு நானே ஏற்பாடு பண்றேன். எப்படித் தம்பி சாதிச்சீங்க?"

"ஓட்டையோட வாயைக் கொஞ்சம் குறுக்கினேன் சார்" என்றான் சல்லடை. சொல்லச் சொல்ல அவனுக்கே நம்பிக்கை வந்தது. "உள்ள இருக்கிறது அவசரப்பட்டாலும் வாசல் விடாது."

"இதை அப்படியே கட்டுரையா எழுது" என்றார் பேராசிரியர். மாணவனின் தோளில் அவர் கை போட்டது அதுதான் முதல் தடவை. "முதல்ல வீட்டுக்குப் போன் பண்ணு. ஸ்பீக்கர்ல போடு, நானே சொல்றேன். டைல்ஸ் கடைன்னு மிரட்டினாரே உன் மாமனார், அவரும் கேட்கட்டும்."

சல்லடை போனைப் போட்டு மேசைமேல் வைத்தான். மருத்துவர், பேராசிரியர், சீனியர் எல்லோரும் புன்னகையோடு குனிந்தார்கள். குழாய்க்காரர்கூட தலையை வெளியே நீட்டினார்.

பேராசிரியர் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"மாப்ள, உங்க டப்பா இங்கயே இருக்கு, நீங்க எடுத்துட்டுப் போனது ஃப்ரிட்ஜ்ல வெங்காய நாத்தத்தை இழுக்கறதுக்கு நான் போன வாரம் அதே மாதிரி டப்பால வாங்கி வெச்ச உருண்டை, பரவாயில்ல வெச்சுக்குங்க, கடையில நூறு வேணும்னாலும் கிடைக்கும்."