மருந்துக் கடையில் என் பதினோரு இலக்கங்கள்

தார்னுவ்,
வியாழக்கிழமை, காலைப் பூசைக்கு முன்

அன்புள்ள மருமகன் மிரோனுக்கு,

ஆண்டவர் அருளால் நான் நலம். நீயும் உன் மனைவியும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். ஈஸ்டருக்கு நீ அனுப்பிய வாழ்த்து அட்டையில் தேதி இல்லை. இனி கவனித்துக்கொள்.

மருந்துக் கடைகளின் கணினிக்கு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் நீ இருப்பதால் இதை எழுதுகிறேன். அதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. உடனே திருத்த வேண்டும்.

செவ்வாய்க்கிழமை என் இதய மாத்திரை தீர்ந்துவிட்டது. டாக்டர் கணினியிலேயே மருந்துச் சீட்டு எழுதிவிட்டார்; அதற்கான நான்கு இலக்க எண் என் கைப்பேசிக்கு வந்தது. கடையில் கிங்கா இருந்தாள். கெட்டிக்காரப் பெண், ஆனால் குரல் மாதா கோயில் மணி. எனக்குப் பின்னால் வரிசையில் ஆறு பேர், முதல் ஆளாக ஓய்வுபெற்ற தபால் அதிகாரி தெயோஃபில். ஞாயிறு பூசை முடிந்து அவரும் நானும் காபியும் கசகசா கேக்கும் சாப்பிடுவது உனக்குத் தெரியும். வேறொன்றுமில்லை. போன குளிர்காலத்தில் அவர், "உங்களுக்கு ஒரு எழுபத்தொண்ணு இருக்குமா? எனக்கு எழுபத்து மூணு" என்றார். நான் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். கையில் கத்தியை வைத்துக்கொண்டு மறுத்துப் பேசுவது அழகல்ல என்று சும்மா இருந்துவிட்டேன்.

"நாலு நம்பர் சொல்லுங்க மேடம்." சொன்னேன். "இப்ப பெசெல் நம்பர்." அங்கேதான் வினை. அந்தப் பதினோரு இலக்க அடையாள எண்ணில் முதல் ஆறும் பிறந்த வருஷம், மாதம், தேதி என்பது இந்த நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எழுதித் தரலாமே என்பாய். கிங்கா எழுதிக் கொடுத்ததையும் உரக்கப் படித்துத்தான் தட்டுவாள். பள்ளியில் சிஸ்டர் ஹியாசிந்தா எங்களுக்குக் கணக்கும் அடக்கமும் கற்பித்தார். இரண்டிலும் நானே முதல். அன்று கணக்கை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் சொன்ன எழுபத்தொன்றுக்குப் பொருந்தும்படி, பிறந்த வருஷம் நாற்பத்தேழுக்குப் பதில் ஐம்பத்து நான்கு என்றேன். மீதி ஒன்பது இலக்கமும் சத்தியம்.

"இப்படி ஒரு நம்பரே கிடையாதுங்குது மேடம்."

"மெஷினை நல்லாப் பாரும்மா."

"மெஷின் சரியாத்தான் இருக்கு. இன்னொரு தடவை, சத்தமா!"

அதே ஐம்பத்து நான்கைச் சத்தமாகச் சொன்னேன். பின்னாலிருந்து ஒருத்தி, "பாவம், வயசாயிடுச்சு, மறந்துபோச்சு" என்றாள். எனக்கா மறதி! போப்பாண்டவர்கள் பெயரை வரிசையாகச் சொல்லட்டுமா என்று திரும்பினேன். அதற்குள் தெயோஃபில், "எழுபத்தொண்ணெல்லாம் ஒரு வயசாம்மா?" என்று அவளை மடக்கிவிட்டார். அதற்குப் பிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன்? மாத்திரை வாங்காமலே தலைநிமிர்ந்து வந்துவிட்டேன். மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது, நேற்று மூன்று இடத்தில்.

ஆகவே, பெயரைச் சொன்னாலே மருந்து திரையில் வரும்படி மாற்று. எவ்லாலியா ஸாயோன்ஸ் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் புனித அன்னை துணை நிற்பாராக. நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்.

இப்படிக்கு,
உன் அத்தை எவ்லாலியா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மறுபடி கடைக்குப் போனேன், நெஞ்சு அவ்வளவு படபடத்தது. எனக்கு முன்னால் தெயோஃபில், என்னைப் பார்க்கவில்லை. கிங்காவின் காதருகே குனிந்து தன் எண்ணை முணுமுணுத்தார். "நாற்பத்து மூணா ஆரம்பம்? சரி!" என்றாள் அவள், கடை முழுக்கக் கேட்க. மனக்கணக்குப் போட்டேன்: எண்பத்திரண்டு! நான் முன்னே போய், பதினோரு இலக்கத்தையும் ஒன்றுகூடப் பிசகாமல் உரக்கச் சொன்னேன். அவர் திரும்பினார்.

"நாற்பத்தேழா?"

"நாற்பத்து மூணா?"

கொஞ்ச நேரம் மூட்டுவலித் தைலங்களையே பார்த்தார். பிறகு, "கேக்கு ஞாயிற்றுக்கிழமைதானே?" என்றார்.

மாத்திரை போட்டுவிட்டேன். மென்பொருளில் கை வைக்காதே. அது மிகச் சரியாக இருக்கிறது.