அண்ணன் இளைத்த கணக்கு

ஸ்வெட்டர் அண்ணனின் முழங்காலைத் தொட்டது. கைகள் விரல் நுனியைத் தாண்டி இன்னும் ஒரு சாண் தொங்கின. கழுத்து வழியாக இன்னொரு தலையையும் நுழைக்கலாம் போலிருந்தது.

"கொஞ்சம் தாராளமா இருக்கு," என்றார் அண்ணன், படுக்கையில் உட்கார்ந்தபடி.

"கொஞ்சமா? இதுக்குள்ள நீயும் இருந்துக்கிட்டு ஒரு ஆளை வாடகைக்கும் வைக்கலாம்."

சொல்லிவிட்டு ஸ்வெட்டரக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெருவே அவளை ஸ்வெட்டரக்கா என்றுதான் கூப்பிடும். பெரிய ஆளுக்கு முன்பக்கம் பின்ன ஊசியில் நூற்றிருபது கண்ணி போட வேண்டும். முப்பது வருஷமாக அதே ஊசி, அதே கணக்கு, ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. கணக்கு தப்பவில்லை என்றால் ஆள்தான் இளைத்திருக்க வேண்டும். பார்வைக்கு அண்ணன் எப்போதும்போல் வாசலையே அடைக்கிற ஆளாகத்தான் இருந்தார். ஆனால் கண்ணை எப்படி நம்புவது?

விஷயம் தெரிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அன்றைக்கு மகன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"குளிர் முடியற வரைக்குமாவது உயிர் தாங்குமா டாக்டர்?"

அவள் கதவைத் தள்ளினாள். "யாருக்குடா?"

மகன் போனைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"மாமாவுக்கு," என்றான்.

"அந்த மலைக்கா?"

"நுரையீரல்லம்மா. ரொம்ப முத்திப்போச்சாம். அவருக்கும் தெரியும். நீ அதைப் பத்தி அவர்கிட்டப் பேசிடாதே, உடைஞ்சுபோயிடுவார்."

அன்று சாயங்காலமே அண்ணன் படுக்கையில் விழுந்துவிட்டார். காலைவரை அச்சகத்தில் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனுஷர் கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சியைக் கண்டதும் பொலபொலவென்று அழுதுவிட்டார். ஸ்வெட்டரக்காதான் அவருக்குத் தைரியம் சொன்னாள்.

அழுகையைவிட அவளை அறுத்தது வேறொன்று. இத்தனை வருஷத்தில் புருஷனுக்குப் பின்னினாள், மகனுக்குப் பின்னினாள், எதிர்வீட்டு நாய்க்குக்கூடப் பின்னினாள். கூடப்பிறந்த ஒரே அண்ணனுக்குப் பின்னவில்லை. "உன் உடம்புக்கு ரெண்டு ஆள் நூல் வேணும், அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்று ஒவ்வொரு குளிர்காலமும் தள்ளிவிடுவாள். அவரும் சிரித்துக்கொண்டே, "எனக்கென்ன அவசரம்," என்று போய்விடுவார். இப்போது அடுத்த வருஷமே இல்லை என்றாகிவிட்டது. மூச்சு இருக்கும்போதே அவர் உடம்பில் தன் ஸ்வெட்டரைப் பார்த்துவிட வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

தொளதொள ஸ்வெட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து மொத்தமாகப் பிரித்தாள். பிரித்த நூல் சுருண்டுகொண்டு நின்றது. நனைத்துத் தொங்கவிட்டால் நேராகிவிடும். வெதுவெதுப்பாக ஒரு பாத்திரம் தண்ணீரை அடுப்பில் வைத்து, நூலைப் போட்டு, நாற்காலியில் ஒரு நிமிஷம் சாய்ந்தாள். கண்ணைத் திறந்தபோது தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே நூல் இல்லை. மொத்தமாகத் தடித்து இறுகிய ஒரு கம்பளிக் கட்டி இருந்தது.

மற்ற நேரமாக இருந்தால் மகன் வீட்டை இரண்டாக்கியிருப்பான். இப்போது ஒரு வார்த்தை பேசாமல் அதைத் தட்டையாக அழுத்திக் காயவைத்து வாசலில் மிதியடியாகப் போட்டான். மாமாவுக்கு வந்த கஷ்டத்தில் பையனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கடையில் அதே நிறம் தீர்ந்துபோயிருந்தது. போன வருஷம் மகனுக்குப் பின்னியதும் அதே நிறம்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே கழற்றிக் கொடுத்தான்.

"எடுத்துக்கோம்மா."

"உனக்குக் குளிருமேடா."

"எனக்கென்ன, சின்ன வயசு. பிரிச்சுக்கோ."

மறுநாளே மகனுக்கு ஜலதோஷம் பிடித்தது. அவன் தும்மித் தும்மி அவளுக்கும் இருமலைக் கிளப்பிவிட்டான். இருமிக்கொண்டே பின்னினாள். இந்தத் தடவை நூறு கண்ணி. ஊசி கைவிட்டு நழுவி நழுவி விழுந்தது. குளிரில் விரல் மரத்துப்போகிறது என்று ஹீட்டரை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். நான்கு நாளில் முடித்து அண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். இரண்டே மாடிதான். மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏற வேண்டியிருந்தது. கட்டடம் கட்டியவனை ஒவ்வொரு இடத்திலும் திட்டினாள்.

மேலே போய்ப் பார்த்தால், சாகக்கிடக்கிற அண்ணன் ஒரு இரும்பு பீரோவைத் தனியாளாக இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணா."

அண்ணன் பீரோவை விட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக, ஒவ்வொரு எலும்பாக இறக்கிவைப்பதுபோல, கட்டிலில் உட்கார்ந்தார்.

"என்ன பண்றே நீ?"

"சும்மா. தெம்பு எவ்வளவு இருக்குன்னு பார்த்தேன். இல்லை குட்டி. சுத்தமா இல்லை."

"இருக்கிற கொஞ்சத்தையும் பீரோ மேல காட்டிடு. கையைத் தூக்கு."

போட்டுவிட்டாள். தோள் நழுவி முழங்கைக்கு வந்தது. இருபது கண்ணி குறைத்தும் அரையாள் இடம் பாக்கி. பின்னல் வலைபோல் இளகி நின்றது. அண்ணன் மார்புப் பக்கத்தில் ஒரு விரலை விட்டு மறுபக்கம் எடுத்தார்.

"நல்லா காத்து வரும்," என்றார்.

"நூல் சரியில்லை. பிரிச்ச நூல்னா அப்படித்தான்." தொங்கிய தோளை மேலே இழுத்துவிட்டாள். "ஒரே வாரத்துல இவ்வளவு இளைச்சிருக்கியே அண்ணா."

அண்ணன் அவள் கையைப் பிடித்தார். பிடித்ததை விடாமல் கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும் குட்டி. இதையே போட்டுக்கறேன். நீ ரெஸ்ட் எடு."

"செத்தவனுக்குப் போர்த்தின மாதிரி இருக்கு இது. கழட்டு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஸ்வெட்டரக்கா தன் நாக்கைச் சபித்தபடியே ஸ்வெட்டரை உருவிக்கொண்டு கிளம்பினாள். வாசல் வரை வந்த அண்ணன் படியில் இறங்கக் கைகொடுத்தார். நோயாளி கைகொடுத்து நான் இறங்குவதா என்று அதைத் தட்டிவிட்டாள்.

இனி யோசிக்க நேரமில்லை. அதையே பிரித்து மூன்றாம் தடவை எண்பது கண்ணி போட்டாள். அது பத்து வயதுப் பையனுக்குப் போடுகிற கணக்கு. போடும்போதே கண்ணீர் நூலில் சொட்டியது. மகன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து நூலைப் பிடித்துக்கொடுத்தான். தூங்கச் சொன்னான், கஞ்சி கொடுத்தான், ஏதோ சத்து மாத்திரை என்று வேளைக்கு நான்கு கொடுத்தான். அவள் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பின்னினாள். ஒன்பது நாள் ஆயிற்று. இதே ஸ்வெட்டரை முன்பெல்லாம் மூன்று நாளில் முடித்துவிடுவாள்.

முடிந்தது. போட்டுவிட்டாள். பத்து வயதுப் பையனின் ஸ்வெட்டர் அண்ணனுக்குக் கச்சிதமாக இருந்தது. தோள் தோளில் நின்றது, கை மணிக்கட்டில் நின்றது.

"எப்படி இருக்கு?"

"முப்பது வருஷம் காத்திருந்ததுக்கு ஒண்ணும் மோசமில்லை," என்றார் அண்ணன். சிரிக்கப் பார்த்தார். வாய் மட்டும் கோணியது.

வீட்டுக்கு வந்து ஒருபாடு அழுதாள். அழுது முடித்ததும் இன்னொரு குறை தலைதூக்கியது. இத்தனை வருஷம் கூட வேலை பார்த்தவர்களுக்கு விஷயமே தெரியாது. "அச்சகத்துல யார்கிட்டயும் மூச்சு விடாதே, அந்தப் பக்கமே போகாதே," என்று அண்ணன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பரிதாபப்படுவார்கள் என்று வெட்கம்போல. அதற்காக ஒருத்தரும் வந்து பார்க்காமலே அந்த மனுஷர் போய்விடுவதா? சத்தியத்தை மீறிய பாவம் தன்னோடு போகட்டும் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலையில் மகன் மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கிளம்பினாள். அச்சகம் மூன்றாவது தெருவில் இருந்தது. அதற்குள் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். உள்ளே மை வாடையும் மிஷின் சத்தமும். அண்ணனின் மிஷினில் வேறொருவர் நின்றிருந்தார். வாசலை ஒட்டிய மேசையில் புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்த பைண்டர் அவளைப் பார்த்ததும் ஓடிவந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்கம்மா. தண்ணி தரட்டுமா?"

"வேண்டாங்க." மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்தாள். "பெரிய மிஷின்காரர் இருக்காரே, அவரைப் பத்திச் சொல்லத்தான் வந்தேன். அவர் சொல்ல வேண்டாம்னார். எனக்குத்தான் மனசு கேக்கலை."

பைண்டர் பசைக் கையைத் துணியில் துடைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்களுக்குத் தெரியும்மா. லீவு கேக்கும்போதே முதலாளி முன்னால குழந்தை மாதிரி அழுதுட்டாரு. கூடப்பொறந்தது அந்த ஒரே தங்கச்சியாம், இந்தக் குளிரைத் தாண்ட மாட்டாங்கன்னு டாக்டர் கைவிரிச்சுட்டாராம், கடைசி வரைக்கும் பக்கத்துல இருக்கணும்னு போயிருக்காரு... ஆமா, நீங்க அவருக்கு என்ன வேணும்?"