விரியாத குடை

குடைக் கம்பெனிக்கு ஓர் உதவி மேலாளர் தேவைப்பட்டார். தேவை கம்பெனிக்குத்தான், மேலாளருக்கு அல்ல. "நல்ல ஆளாப் பாத்து எடுங்க" என்று முதலாளி சொன்னதிலிருந்து மேலாளருக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. நல்ல ஆள் வந்துவிட்டால் தன் நாற்காலி என்ன ஆவது?

நேர்காணலுக்கென்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. சொந்தத் தயாரிப்பான குடை ஒன்றைக் கையில் கொடுத்து விரிக்கச் சொல்வார்கள். மேலாளருக்கே அது ஒருநாளும் விரிந்ததில்லை. ஆகவே, விரிக்கத் தெரிந்தவர் தகுதிக்கு மீறியவர் என்பது அவர் வகுத்திருந்த பாரபட்சமற்ற அளவுகோல்.

முதலில் வந்த பெண் குடையை வாங்கினாள். பட்டென்று விரிந்தது.

"ஸ்பிரிங்கைத் தலைகீழா மாட்டியிருக்காங்க சார். விசையை அமுக்கக் கூடாது, இழுக்கணும். சரிபண்றது சுலபம்."

மேலாளர் அவசரமாகக் குடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

"ரொம்ப சந்தோஷம்மா. உங்க திறமைக்கு இந்த இடம் பத்தாது" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அடுத்து வந்தவர் குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது என்னது?"

மேலாளருக்கு நெஞ்சு குளிர்ந்தது. கையோடு வேலையில் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"புது ஆள்கிட்ட பேசினேன். குடைன்னா என்னன்னே தெரியலை."

"போகப்போகக் கத்துக்குவார் சார்."

"அதைச் சொல்லலை. ஊர் முழுக்கச் சலிச்சாலும் இப்படி ஒருத்தர் அகப்படுவாரா? தேடிப் பிடிச்சிருக்கீங்களே, அதுக்கு எவ்வளவு மூளை வேணும்! அவ்வளவு மூளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் எப்படி நிம்மதியாத் தூங்குறது? நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம். உங்க நாற்காலில அவரே உட்காரட்டும்."

வெளியே மழை கொட்டியது. மேலாளர் கம்பெனிக் குடையின் விசையை அமுக்கி அமுக்கிப் பார்த்தபடியே தொப்பலாக நனைந்து வீடு சேர்ந்தார். வேலை போன துக்கம் ஒரு பக்கம்; தன்னைப் பார்த்து ஒரு மனிதர் பயந்துவிட்டாரே என்ற பூரிப்பு இன்னொரு பக்கம். உண்மையைச் சொன்னால், பூரிப்புத்தான் கொஞ்சம் தூக்கல்.

"என் திறமையை அவரால தாங்க முடியலை" என்றார் மனைவியிடம். "கெட்டிக்காரனாப் பொறந்தா இதான் கதி."

மனைவி துண்டை நீட்டினாள்.

"எனக்குத் தெரியாதா அது? உங்களுக்கு முன்னாடி என்னைப் பொண்ணு கேட்டு மூணு பேர் வந்தாங்க. மூணு பேரும் பயங்கரக் கெட்டிக்காரங்க. நான்தான் வேண்டவே வேண்டாம்னுட்டேன்."

சொல்லிக்கொண்டே அவர் கையிலிருந்த குடையை வாங்கி, விசையை இழுத்து, பட்டென்று விரித்து மூலையில் காயவைத்தாள்.