மோவாய்க் கிராணியின் இடுப்பெலும்பு

இடுப்பிலிருந்து மோவாய் முளைத்த மனிதரை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்து மீன்குழம்புக்குச் சண்டையே போட்டிருக்கிறேன்.

மலாயாவில் கம்யூனிஸ்ட் கலகத்துக்காக வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா; அவர் ஸ்டோர் கிராணி. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி, வாசலில் சோதனை, பையில் ஐ.சி. என்ற அடையாள அட்டை இல்லாமல் கக்கூசுக்குப் போகக்கூட பயம். அப்பேர்ப்பட்ட காலத்தில் தோட்டத்துக்கே சிரிப்பு சப்ளை செய்தவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் என்னவோ நல்ல பெயர்தான். ஆனால் ஊர் முழுக்க 'மோவாய்க் கிராணி' என்றுதான் கூப்பிட்டது. ஏனென்றால் அவருக்கு மோவாயே கிடையாது. கீழுதடு முடிந்ததும் நேரே கழுத்து.

அதை மறைக்க, எந்நேரமும் வலது கையை மோவாய் இருக்கவேண்டிய இடத்தில் வைத்திருப்பார். பார்ப்பவர்களுக்கு மகா சிந்தனையாளர் போலத் தெரியும். மண்வெட்டிக் கணக்குக் கேட்க வந்த துரை, அவருடைய யோசனையைக் கலைக்க மனமில்லாமல் பூனை நடையில் திரும்பிப் போனதை நானே கண்டேன். ஐ.சி.க்குப் படம் எடுத்தபோது படக்காரர், "கைய எடுங்கய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். எடுத்தார். படம் விழுகிற நேரத்தில் கை தானாக மேலேறிவிட்டது. அவர் ஐ.சி.யில் முகத்தோடு மூன்று விரல்களும் உண்டு. அது தோட்டத்துக்கே தெரிந்த கதை.

கலும்பாங்கில் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தம்பி, "அக்கா, மாப்பிளைக்கு வாய்க்குக் கீழ ஒன்னுமே இல்லக்கா!" என்று கூவித் தொலைத்தான். அதோடு பெண் பார்ப்பதையே விட்டுவிட்டார். பிறகுதான் எங்கள் தோட்டப் பள்ளிக்குச் செல்லம்மா டீச்சர் வந்து சேர்ந்தார். கிராணிக்கு டீச்சர் என்றால் உயிர். கேட்கத்தான் தைரியமில்லை.

"இவங்களும் சிரிச்சிட்டா நான் செத்தே போயிருவேன் தம்பி" என்றார் ஒருநாள்.

வழி காட்டியவர் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். "கோலாலம்பூருக்கு ஒரு வெள்ளக்கார டாக்டரு வந்திருக்காராம் லா. சண்டையில மூஞ்சி செதறுன சோல்ஜருக்கெல்லாம் புது மூஞ்சி வைக்கிறாராம். ஒங்க மோவாயெல்லாம் அவருக்குத் தூசி."

"எந்த மாதிரி மோவாய் வேணும்னு நாம கேக்கலாமா?" என்றார் கிராணி.

மறுநாளிலிருந்து காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது ஒவ்வொருவர் மோவாயாக உற்றுப் பார்த்தார். ஆட்களை மேய்க்கும் மண்டோர் என்னிடம் ரகசியமாக வந்து, "கிராணிக்கு எம்மேல என்ன கோவம்?" என்று விசாரித்தார். கோபமெல்லாம் இல்லை. மண்டோரின் மோவாய்தான் தேர்வாகியிருந்தது.

டாக்டர் அவர் இடுப்பெலும்பில் ஒரு துண்டை வெட்டியெடுத்து மோவாயாகச் செதுக்கி வைத்தார். கூட்டிவர நான் போனேன். உச்சந்தலையிலிருந்து கழுத்துவரை வெள்ளைக் கட்டு. கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே. இடுப்பு வலியில் நொண்டல் வேறு. பேசக்கூடாது, மெல்லக்கூடாது, சிரிக்கவே கூடாது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், ரவாங் போய்த் திரும்பிய செல்லம்மா டீச்சர் வழியில் ஏறி முன்சீட்டில் அமர்ந்தார்! இந்தக் கோலத்தில் டீச்சர் பார்த்துவிட்டால் எல்லாம் போச்சு என்று கிராணி என் பேப்பரைப் பிடுங்கி அதற்குள் தலையை விட்டுக்கொண்டார். தோட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் தடுப்பு. மலாய்க்கார போலீஸ் சார்ஜன் ஏறினார். முகத்தில் கட்டு, காலில் நொண்டல், கேட்டால் பதில் இல்லை, பேப்பருக்குள் ஒளிந்திருக்கிறான். காட்டில் குண்டடி பட்ட கம்யூனிஸ்ட் என்று சார்ஜன் முடிவு கட்டிவிட்டார்.

"எங்க கிராணிதான், மோவாய் வச்சிட்டு வர்றாரு" என்று நான் எழுந்து சொன்னேன். என்னையும் சேர்த்து இறக்கினார்கள்.

"கையைத் தூக்கு!" என்றார் சார்ஜன் மலாயில். நான் இரண்டையும் தூக்கினேன். கிராணியின் இடது கை மேலே போனது. வலது கை போகிற வழியில் மோவாயில் நின்றுவிட்டது. சார்ஜன் துப்பாக்கியை ஆட்டிக் கத்தினார். கை மேலே போனது, மறுபடி மோவாய்க்கே இறங்கியது. இன்றைக்குச் செத்தோம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது குடையோடு இறங்கி வந்தார் செல்லம்மா டீச்சர். "இவர எனக்கு நல்லாத் தெரியும். ஐ.சி. படத்தப் பாருங்க, அதுலயும் இதே கைதான்" என்று பளிச்சென்று மலாயில் சொன்னார். சார்ஜன் படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், விரல்களை எண்ணிப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் அவர் தொப்பி விழுந்தது. சிரிக்க முடியாத கிராணி கண்ணில் தண்ணீர் வர நின்றார்.

வீட்டில் கஞ்சித் தண்ணீர்தான் ஆகாரம். பார்க்க வந்த கூட்டத்துக்கு ஒரே சந்தேகம். "மோவாய்ல ஆப்ரேசன்னா ஏன் நொண்டுறாரு?" நான் இடுப்பெலும்புக் கதையைச் சொன்னேன். மண்டோர் வெகுநேரம் யோசித்து, கவலையோடு கேட்டார்: "அப்ப இனிமே பெஞ்சில உக்காந்தா மோவாய் வலிக்குமா?" சிரிப்பை அடக்க கிராணி கட்டிலைக் குத்து குத்தென்று குத்தினார். ஒரு பலகை உடைந்தது.

கட்டுப் பிரித்தார்கள். அசல் மோவாய், மண்டோருடையதைவிட எடுப்பு! ஆனால் கை கேட்டால்தானே? இவ்வளவு பாடுபட்டு வாங்கிய மோவாயைப் பொழுதெல்லாம் மூடியே வைத்திருந்தது.

டிரஸ்ஸரின் மனைவி போய்க் கல்யாணப் பேச்சை எடுத்ததும் டீச்சர் நேரிலேயே வந்துவிட்டார். "கைய எடுங்க" என்றார். எடுத்தார். டீச்சர் இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குத் தெரிஞ்ச கிராணி இவரில்லையே. நான் மனசுல வச்சிருந்தது அந்தப் பழைய மூஞ்சிய."

கிராணியின் புது மோவாய் முதல் தடவையாக நடுங்கியது.

"பரவால்ல, பழகிக்கிறேன்" என்றார் டீச்சர். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்து வைத்திருப்பதே எனக்கு வேலையாக இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. துணியை விலக்கிப் பார்த்த எனக்குப் பகீரென்றது. கீழுதடு முடிந்ததும் நேரே கழுத்து. கிராணி உடைந்துபோவார் என்று பயந்தேன். அவர் கை வழக்கம்போல மோவாய்க்குக் கிளம்பியது, பாதியில் நின்றது. பிறகு குழந்தையின் உதட்டுக்குக் கீழே மெல்லத் தடவியது.

"எவ்ளோ அழகா இருக்கா பாத்தியா தம்பி" என்றார். "இந்த மூஞ்சியவா நான் வேணாம்னேன்?"

அதற்குப் பிறகு அவர் கை மோவாய்க்குப் போய் நான் பார்க்கவில்லை. எப்போது பார்த்தாலும் அந்தக் கையில் மகள் இருந்தாள். அப்படியொரு அழகான ஜோடியை இந்த வயதுவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.