நான் ஏற்றிவிட்ட வெங்காய விலை

பொருளாதாரத்தில் எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான். முப்பது வயதில் அந்தக் கொஞ்சமும் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அடையாறில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் நேர்முகம். நிரந்தர வேலை, ஒரே ஓர் இடம். தற்காலிக விரிவுரையாளராகக் கல்லூரி கல்லூரியாக அலைந்து நொந்துபோயிருந்த எனக்கு அதை விட்டால் வேறு கதியில்லை. என் ஆராய்ச்சியின் முடிவு இதுதான்: விலை ஏறப்போகிறது என்ற பேச்சுக்கெல்லாம் மக்கள் மசிய மாட்டார்கள், தேவைக்குத்தான் வாங்குவார்கள். நாலு பேரின் வாய்வார்த்தையும் சேர்ந்தால் எடுப்பாக இருக்குமே என்று, நேர்முகத்துக்கு முதல் நாள் காலை மேற்கு மாம்பலம் காய்கறிக் கடைத்தெருவில் இறங்கினேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவக் கட்டு. (வேண்டாத வேலை என்றாள் அம்மா. அம்மாவுக்கு என்ன தெரியும்!)

"அடுத்த வாரம் வெங்காயம் எவ்வளவு ஏறும்னு நினைக்கிறீங்க?"

முதலில் மாட்டிய பெண்மணி என் அட்டையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "ஒரு கிலோ வேணாம்ப்பா, அஞ்சா போடு" என்றார். அடுத்தவரும் அப்படியே. நானும் மும்முரமாக 'பதிலில்லை' என்று எழுதிக்கொண்டே போனேன்.

தெருக்கோடிவரை போய்த் திரும்புவதற்குள் அந்தக் கடை முன்னால் ஒரே தள்ளுமுள்ளு.

"இன்னாம்மா, கவர்மெண்டு ஆளுன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா? நான் பாட்டுக்குப் பழைய வெலைக்கு வித்துகினு கீறேன்!" என்று கோபித்துக்கொண்ட கடைக்காரர், சிலேட்டை அழித்து விலையை ஏற்றி எழுதினார்.

"ஏறாதுங்க, யாரும் அவசரப்படாதீங்க!" என்று கத்தினேன்.

"கவர்மெண்டே ஏறாதுங்குது. அப்ப கண்டிப்பா ஏறும்" என்று ஒருவர் மூட்டையாகவே கேட்டார்.

ஒரு தெருவை வைத்து நாட்டை எடைபோடக் கூடாது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மறுநாள் நேர்முகத்தில் 'மக்கள் மசிய மாட்டார்கள்' என்று கம்பீரமாகப் பேசி முடித்தேன். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க வீடு மேற்கு மாம்பலம்தாம்மா. நேத்து என் ஒய்ஃப் பத்து கிலோ வெங்காயத்தோட வந்து நின்னாங்க. கழுத்துல அட்டை மாட்டின ஒரு பொண்ணு, விலை ஏறப்போகுதுன்னு சொல்லிட்டுப் போச்சாம்."

வேலை போச்சு என்று தெரிந்தது. ஆனாலும் மழுப்ப மனம் வரவில்லை.

"அது நான்தான் சார். என் முடிவு தப்பு. கேள்வி கேட்டே விலையை ஏத்திட்டேன்" என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். குழு சிரித்து ஓய வெகுநேரமானது.

வேலை கிடைத்தது. அந்தத் தப்பையே ஆராய்ச்சியாக்கிப் பேராசிரியராகவும் ஆகிவிட்டேன். விலைவாசி பற்றிப் பேச இன்று ஊர் ஊராக அழைக்கிறார்கள். என் கணவர் மட்டும், காய் வாங்கப் போனால் என்னைக் காரிலேயே உட்காரவைத்துக் கண்ணாடியையும் ஏற்றிவிடுகிறார். நான் இறங்கி ஒரு வார்த்தை கேட்டால் தி.நகர் தாங்காதாம்.