காலிக் கட்டம்

இதை நான் ஒழுங்காகச் சொல்வேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதைச் சொன்னாலும் நடுவில் ஆரம்பிப்பேன், கடைசியை முதலில் சொல்லிவிடுவேன், முக்கியமானதை மறந்துவிடுவேன் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். முப்பத்தோரு வருஷமாக பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று கட்டம் போட்ட நோட்டில் எழுதி எழுதி, அவர் மண்டைக்குள்ளேயே கட்டம் விழுந்துவிட்டது. அதனால் நான் முன்னே பின்னே சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செய்தது தப்பா என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், நான் ஒன்றுமே செய்யவில்லை.

ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, வாய் நிறைய நுரையோடு அறிவித்தார்.

"விழாக் காலத்துக்கு நாம நகரத்துக்குப் போறோம். மூணு நாள்."

என் கையிலிருந்த டம்ளர் நழுவிவிட்டது. வெயில் தணிந்து காற்று மாறுகிற அந்த மாதத்தில், அந்த நகரம் முழுக்க விளக்கும் பந்தலும் பாட்டுமாக இருக்கும். டிவியில் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் விளக்கை நினைக்கவில்லை. அந்த நகரத்தில் என் அக்கா இருக்கிறாள். பார்த்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முந்தின வருஷம் அவளுக்கு முட்டியில் ஆபரேஷன். அதற்குக்கூட நான் போகவில்லை. இவர் ட்யூட்டிக்குப் போன பிறகு போனில் அழுததோடு சரி.

"அப்போ அக்கா வீட்டுலயே தங்கிக்கலாமே?"

துப்பினார். நுரையைத்தான்.

"லாட்ஜ். ரூம் போட்டாச்சு."

"ஒரு எட்டுப் பார்த்துட்டாவது வந்துடலாமே. அவ முட்டி..."

"அட்டவணையில இடம் இல்லை."

அதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துவிடுவேன். அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அவர்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் வேகமாக ஓடியது. அத்தான் வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார். கம்பெனி பஸ்ஸைத் தவற விடாமல் இருப்பதற்கு. இவருக்கு அது பொறுக்குமா? விடியற்காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளைத் திருப்பிச் சரி செய்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அத்தான் வழக்கம்போல அதைப் பார்த்துக் கிளம்பினார். பஸ் போய்விட்டது. அன்றைக்குத்தான் அவருக்கு ஃபோர்மேன் வேலைக்கு நேர்காணல்.

"நான் சரியான நேரத்தைத்தானே வச்சேன்?" என்றார் இவர்.

"உங்க சரியான நேரத்தை உங்க பஸ் ஸ்டாண்டுலயே வச்சுக்குங்க," என்றார் அத்தான்.

"இனி இந்த வாசப்படி மிதிச்சா நான் ஆம்பளை இல்லை," என்றார் இவர்.

வசனம் இத்தனைதான். நஷ்டம் எனக்கும் அக்காவுக்கும்.

பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் சாப்பாட்டு மேஜையில் அட்டை, ஸ்கேல், பேனா எல்லாம் பரப்பி உட்கார்ந்தார். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு அடையாள அட்டை. கூட்டத்தில் நான் தொலைந்துவிடுவேனாம். நான் சந்தையிலேயே தொலைகிறவள், அதனால் எதிர்த்துப் பேசவில்லை. பெயர், வயது, ஊர், ரத்த வகை, அங்க அடையாளம், சாப்பிடும் மாத்திரை என்று எட்டுக் கட்டம் போட்டு நிரப்பினார். லாட்ஜ் பெயர்கூட இருந்தது. ஒன்பதாவது கட்டத்தில் பேனா நின்றது.

"நகரத்தில் தெரிந்தவர், முகவரி, தொலைபேசி" என்று அவரே தலைப்பு எழுதிவிட்டார். பஸ் கம்பெனியில் அவருக்கு எப்போதோ கொடுத்த படிவத்தைப் பார்த்து எழுதியதால் வந்த வினை.

கால் மணி நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

"ஏங்க, அதைக் காலியா விட்டுருங்களேன்."

"காலியாவா?" நான் அவரை அடித்துவிட்டது போல நிமிர்ந்தார். "என் சர்வீஸ்ல ஒரு கட்டம் காலியா விட்டதில்லை. தெரியுமா?"

"அப்போ 'யாரும் இல்லை'ன்னு எழுதிடுங்க."

"ஆள் இருக்கும்போது இல்லைன்னு எழுதினா அது பொய்ப் பதிவு. வண்டி வந்து நிக்குது, வரலைன்னு எழுதுவேனா?"

"ஐயோ, எனக்கு என்னங்க தெரியும். உங்களுக்குச் சிரமம் வேண்டாமேன்னு சொன்னேன்."

சத்தியமாக அதற்காகத்தான் சொன்னேன். மறுநாள் பார்த்தேன். இரண்டு அட்டையிலும் ஒன்பதாவது கட்டத்தில், பல்லைக் கடித்து எழுதியது மாதிரி சின்னச் சின்ன எழுத்தில், அத்தானின் பெயரும் வீட்டு எண்ணும் போன் நம்பரும் இருந்தன. நான் அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அட்டைக்குப் பின்னால் சட்டம் எழுதியிருந்தார். பஸ் ஸ்டாண்டு விசிலை ஊதித்தான் வீட்டிலும் என்னைக் கூப்பிடுவார். ஒன்று: ஒரு விசில் ஊதினால் நில். இரண்டு: இரண்டு விசில் ஊதினால் நட. மூன்று: தொலைந்தால் நின்ற இடத்திலேயே நில், யாரிடமும் எதுவும் பேசாதே, நான் வருவேன். நாலாவது, சிரிக்காதே. அது எனக்காக மட்டும் எழுதியது.

நகரத்தில் இறங்கினோம். ரயில் நிலையத்திலேயே எனக்குத் தலை சுற்றியது. மரத்துக்கு மரம் விளக்கு. தெருவை மறித்து மூன்று மாடி உயரத்தில் துணிக் கோபுரம். முதல் நாள் அட்டவணைப்படி எல்லாவற்றையும் பார்த்தோம். ஒரு பந்தலுக்கு ஏழு நிமிஷம். எட்டாவது நிமிஷம் விசில். நான் எதைப் பார்த்தேன் என்று கேட்டால் இவர் முதுகைத்தான் சொல்ல முடியும். இடையில் பஸ்ஸில் போகும்போது ஒரு தெருப் பெயர்ப் பலகையைப் பார்த்தேன். அக்காவின் தெரு. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அங்க என்ன பார்க்குற?"

"ஒண்ணுமில்லை. கழுத்து வலி."

இரண்டாம் நாள் சாயங்காலம், ஊரிலேயே பெரிய பந்தல். கிளம்பும்போது இரண்டு போனையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

"கூட்டத்துல பிடுங்கிட்டுப் போயிடுவான். அட்டை இருக்கு, விசில் இருக்கு. வேற என்ன வேணும்?"

பந்தலுக்கு முன்னால் குறுக்கே கயிறு கட்டி, ஆயிரம் பேரை நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வந்த பிறகு கயிற்றை எடுப்பார்கள். எடுப்பதற்குத் தொண்டர்கள் விசில் ஊதுவார்கள். ஆமாம், அவர்களிடமும் விசில்.

வலது பக்கத்திலிருந்து ஒரு விசில். நின்றேன். இடது பக்கத்திலிருந்து இரண்டு. நடந்தேன். மறுபடி ஒன்று. நின்றேன். எத்தனையோ வருஷப் பழக்கம், கால் தானாகப் போகிறது. திரும்பிப் பார்த்தால் இவர் இல்லை. ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சட்டம் மூன்றின்படி நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் கயிற்றுப் பக்கம் இரண்டு விசில். கணீரென்று. அந்த ஊது எனக்குத் தெரியும். அது என் வீட்டு விசில். எனக்காகத்தான் ஊதினார், பாவம். ஆனால் எனக்கு முன்னால் அந்த ஆயிரம் பேரும் அதைக் கேட்டார்கள். "விட்டாச்சு, விட்டாச்சு!" என்று கயிற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். தொண்டர்கள் கத்தினார்கள். யாருக்கும் அடி படவில்லை, அது பெரிய புண்ணியம். இரண்டு மூன்று செருப்புகளும் ஒரு குடையும் போனதோடு முடிந்தது.

பத்து நிமிஷம் கழித்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"கவனிக்கவும். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் விசில் வைத்திருந்த பெரியவர் ஒருவர், காணாமல் போனவர்கள் கூடாரத்தில் பத்திரமாக இருக்கிறார். தான் தொலையவில்லை என்று சொல்கிறார். உறவினர்கள் உடனே வரவும்."

தூணை விட்டுவிட்டு ஓடினேன். சட்டத்தை மீறியது அந்த ஒரு இடத்தில்தான்.

கூடாரத்தின் துணி இடுக்கில் பார்த்தேன். தொலைந்துபோன குழந்தைகள் ஏழெட்டு பேர். நடுவில் ஒரு குட்டி ஸ்டூலில் இவர். முட்டி தாடையில் இடிக்கிறது. கையில் யாரோ கொடுத்த பிஸ்கட். கழுத்து அட்டையைப் பார்த்துத் தொலைந்தவர் என்று பிடித்துவந்து, விசிலைப் பிடுங்கி மேஜை மேல் வைத்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு மேற்பார்வை அம்மா.

"அம்மா, கடைசியாச் சொல்றேன். நான் தொலையலை. என் சம்சாரம்தான் தொலைஞ்சா. நான் நின்ன இடத்துலதான் நின்னேன்."

"தொலைஞ்சவங்க எல்லாரும் அதான் சொல்வாங்க, சார். பிஸ்கட் சாப்பிடுங்க."

"நான் டைம் கீப்பர்!"

"இருக்கட்டும். அந்தப் பாப்பாகூட டாக்டராம்."

அவர் மேஜை மேலிருந்த பதிவேட்டை எட்டிப் பார்த்தார். குழந்தைகளைப் பார்த்துத் திரும்பினார். "நீ ஆறு பத்துக்கு வந்தவன். முன்னால உட்காரு. நீ ஆறு இருபது. அவனுக்குப் பின்னால போ." அழுதுகொண்டிருந்த குழந்தைகள் பயந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே போய் "இவர் எங்க வீட்டுக்காரர்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மேற்பார்வை அம்மா வெளியே வந்துவிட்டாள்.

"யாரும்மா நீங்க? அந்த விசில் பெரியவருக்கு வேண்டியவங்களா? அட்டையில இருந்த நம்பருக்குப் போன் பண்ணிட்டோம். அவரோட சகலையும் அந்த வீட்டம்மாவும் கிளம்பிட்டாங்களாம். அந்தம்மாவுக்கு முட்டி சரியில்லையாம், ஆனா நானும் வருவேன்னு ஒரே பிடிவாதம். அரை மணியில வந்துடுவாங்க."

என் வாய் திறந்தபடியே நின்றது. நான் ஒரு வார்த்தை சொன்னால் இவரை விட்டுவிடுவார்கள். லாட்ஜுக்குப் போவோம். நாளைக்குக் காலை ரயில். அக்கா நொண்டி நொண்டி வந்து காலிக் கூடாரத்தைப் பார்ப்பாள்.

சட்டம் மூன்று ஞாபகம் வந்தது. யாரிடமும் எதுவும் பேசாதே.

தலையை மட்டும் ஆட்டினேன். அது ஆமாமா, இல்லையா என்று அந்த அம்மாவுக்கும் புரியவில்லை, எனக்கும் இன்றுவரை தெரியாது. கூடாரத்துக்குப் பின்னால் போய், கவிழ்த்து வைத்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்து, நின்ற இடத்திலேயே இருந்தேன்.

அக்கா வந்தாள். வயதாகியிருந்தது. நான் வாளியிலிருந்து எழுந்தேன். அவள் என் கழுத்து அட்டையைத் திருப்பிப் படித்தாள். ஒன்பதாவது கட்டம் வந்ததும் என்னைப் பார்த்தாள்.

"இது யாரு யோசனை?"

"அவரேதான் எழுதினார், அக்கா."

"ஆமா, எழுதுவார்," என்று சொல்லி என் கன்னத்தில் கிள்ளினாள். வலித்தது.

உள்ளே அத்தான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். 'தொலைந்த நபரை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் போட்டார். ஏழு ஐம்பது. இவர் துள்ளி எழுந்தார்.

"சகலை! மணி ஏழு நாற்பதுதான்!"

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அத்தான் நிமிரவே இல்லை. "எழுதறது நான். தொலைஞ்சது நீங்க. பிஸ்கட்டைக் கையில எடுத்துக்குங்க, வண்டி நிக்குது."

பிறகு என்னைப் பார்த்துவிட்டு இவர் அலறினார். "நீ எங்கடி போன?"

"நீங்கதானே நின்ன இடத்துலயே நிக்கச் சொன்னீங்க."

அது அவரே எழுதிய சட்டம்.

அக்கா வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் தயங்கினார். "வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்." அத்தான் சொன்னார், "தாண்டி வாங்க. ஒசரமா இல்லை." தாண்டித்தான் வந்தார். ஹாலில் சுவர்க் கடிகாரத்தின் மேல் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது. போன் வந்த உடனேயே, கிளம்புகிற அவசரத்திலும், அக்கா செய்த முதல் வேலை அதுதானாம். துண்டுக்குள்ளிருந்து டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இவர் கை துறுதுறுவென்றது. அத்தான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய் அறைக்குள் வைத்துப் பூட்டினார். மூன்று நாள் பயணம் எட்டு நாளானது. நான் அக்கா முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தேன். இரண்டு ஆண்களும் நிமிஷத்துக்கு நிமிஷம் நேரத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். இத்தனை சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

இதெல்லாம் போன வருஷம். இந்த வருஷமும் போகிறோம் என்று நேற்றுக் காலையில் அறிவித்தார். உடனே அட்டை, ஸ்கேல், பேனா.

"இந்தத் தடவை உஷாரா இருக்கேன். ஒன்பதாவது கட்டமே கிடையாது. எட்டு. எட்டும் நிரப்பியாச்சு. லாட்ஜ்தான்." ஜெயித்த முகத்தோடு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

எனக்குக் கூட்டம் என்றால் பயம். தொலைந்துபோனால் என்ன செய்வது? எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று, அதே ஸ்கேலை வைத்து, இரண்டு அட்டையிலும் கடைசியில் இன்னொரு கட்டம் போட்டேன். 'நகரத்தில் தெரிந்தவர்' என்று தலைப்பு மட்டும் எழுதினேன். உள்ளே ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. பேனா மூடியைத் திறந்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.